வீட்டில் புரொஜெக்டர்: ஐந்து வருட அனுபவம்

2020 நவம்பரில் சூரரைப் போற்று தியேட்டருக்கு வராமல் நேரடியாக ஓடிடியில் வந்தது ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டில் ஐந்து பேரும் 43 இன்ச் டிவி முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். விமானம் மேலே ஏறுகிற காட்சி உள்ளங்கை அகலத்தில் முடிந்துபோனபோது எனக்கு மனசே ஆறவில்லை. மூன்று மாதம் விசாரித்து, 2021 பிப்ரவரியில் ஒரு புரொஜெக்டர் வாங்கினேன். இப்போது ஐந்து வருடம் ஆகிறது. வாங்கிய வாரத்தில் எழுதியிருந்தால் "சூப்பர், 100 இன்ச், தியேட்டர் மாதிரியே இருக்கு" என்று நாலு வரியில் முடிந்திருக்கும். இவ்வளவு நாள் புழங்கின பிறகு சொல்ல வேறு நிறைய இருக்கிறது.

கம்பெனி, மாடல் பெயர் எழுதவில்லை. அந்த மாடலே இன்று கடையில் கிடையாது. 1080p, 3எல்சிடி வகை (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி எல்சிடி), லேம்ப் போட்டது, வெளிச்சம் 3000 லூமென் என்று பெட்டியில் எழுதியிருந்தது, இது போதும். டிஎல்பி என்கிற, நுண்ணிய கண்ணாடிகள் உள்ள சிப்பால் படம் காட்டும் வகையை வாங்கத்தான் முதலில் நினைத்திருந்தேன். கடையில் டெமோ போட்டபோது என் மனைவி இரண்டே நிமிஷத்தில் "வெள்ளை எழுத்து ஓரத்தில் கலர் கலரா தெறிக்குதே" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒற்றைச் சிப் டிஎல்பியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக விழுகின்றன, கண்ணைச் சட்டென்று திருப்பும்போது சிலருக்கு அது பிரிந்து தெரியும். யார் கண்ணுக்குத் தெரியும், யார் கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லவே முடியாது. அதனால் வாங்கப் போகும்போது வீட்டில் படம் பார்க்கிற எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அறை மாடியில், 10க்கு 14 அடி. மூலைக்கு மூலை 100 இன்ச் திரை என்றால் அகலம் ஏழேகால் அடி, உயரம் நாலு அடிக்குக் கொஞ்சம் மேல். சோபா திரையிலிருந்து பத்தடி தள்ளி இருக்கிறது. இதற்கு மேல் பெரிய திரை மாட்டச் சொல்லி நண்பர்கள் தூண்டினார்கள், நான் போகவில்லை, அந்த அறைக்கு இதுதான் அளவு.

முதல் ஆறு மாதம் எனக்கு ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. படம் பெரிதாக இருக்கிறது, ஆனால் வெளுத்துத் தெரிகிறது. புரொஜெக்டரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். உண்மையான காரணம் சுவர். சந்தன நிறச் சுவர், வெள்ளைக் கூரை. திரையில் விழுகிற வெளிச்சம் கூரைக்குப் போய் திரும்பவும் திரைமேலேயே வந்து விழுகிறது, கறுப்பு சாம்பலாகிவிடுகிறது. திரை இருக்கும் சுவருக்கும் அதை ஒட்டிய நாலு அடி கூரைக்கும் கறுப்பு அடிக்கலாம் என்றேன், அம்மா "வீட்டுக்குள்ள கறுப்பு பெயின்டா, கூடவே கூடாது" என்று சொல்லிவிட்டார். கடைசியில் அடர்ந்த காப்பிக்கொட்டை நிறத்தில், பளபளப்பு இல்லாத மேட் பெயின்ட் அடித்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்த ராத்திரி நாயகன் போட்டோம். பி.சி. ஸ்ரீராம் ஒளியமைத்த அந்த வீட்டு உள்ளறைகளில், முகத்தில் பாதிதான் வெளிச்சம், மீதி இருட்டு, அந்த இருட்டுக்குள்ளும் சுவரும் சாமானும் லேசாகத் தெரிந்தன. இருபது தடவை டிவியில் பார்த்த படம். மணிரத்னம் படம் என்றாலே இருட்டு என்று எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு பேச்சு இருக்கும், டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்ததால் வந்த பேச்சு அது. அந்தப் பெயின்ட் செலவு மொத்தம் ஆயிரத்து சொச்சம். இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு பெரிய மாற்றம் வேறு எதிலும் நான் பார்க்கவில்லை.

3எல்சிடியில் கறுப்பு முழுக் கறுப்பாக வராது, இதை ஒத்துக்கொள்ள வேண்டும். சினிமாஸ்கோப் என்கிற அதிக அகலமான படம் போட்டால் மேலேயும் கீழேயும் ஆறாறு இன்ச் காலியாகக் கிடக்கும், அந்த இடம் மங்கின சாம்பலாகத் தெரிந்து கண்ணை உறுத்தும். சின்னக்கடை வீதியில் கறுப்பு வெல்வெட் துணி வாங்கி, டெய்லரிடம் கொடுத்து இரண்டு நீளப் பட்டையாகத் தைத்து, ஓரத்தில் வெல்க்ரோ வைத்துக்கொண்டேன். ஸ்கோப் படம் என்றால் பட்டையை ஒட்டிவிடுவோம். என் மகன் இதைத் "திரையைக் கட்டறது" என்பான், அவனுடைய வேலை அது.

அடுத்தது அசைவு. புது டிவியில் படம் பார்த்துவிட்டு "என்னமோ சீரியல் மாதிரி இருக்கே" என்று சொல்லாதவர்கள் இல்லை. சினிமா நொடிக்கு 24 பிரேமில் எடுக்கப்படுகிறது. நடுவில் இல்லாத பிரேம்களை டிவியே கற்பனை செய்து நிரப்புவதால் வருகிற வழவழப்பு அது. அந்த செட்டிங்கை முதல் நாளே அணைத்துவிடுங்கள். அதை அணைத்த பிறகும் எனக்கு ஒரு தொல்லை இருந்தது, கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகர்கிற ஷாட்டில் படம் லேசாக இடறி இடறிப் போகும். இன்டர்நெட் வேகம் என்று நினைத்து பிளானைக்கூட மாற்றினேன், பிரயோஜனம் இல்லை. அப்புறம்தான் புரிந்தது, ஓடிடி பார்க்க நான் செருகியிருந்த ஸ்ட்ரீமிங் ஸ்டிக் எல்லாவற்றையும் நொடிக்கு 60 என்றே அனுப்புகிறது. 24 அறுபதில் சரியாகப் பங்கு போகாது, ஒரு பிரேம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று காட்டும். படத்தின் பிரேம் ரேட்டுக்குத் தானாக மாறிக்கொள்ளச் சொல்லும் ஒரு செட்டிங் உள்ளே எங்கோ ஒளிந்திருந்தது, அதைப் போட்டதும் சரியாகிவிட்டது. எட்டு மாதம் வீணாக அவஸ்தைப்பட்டேன்.

இனி எனக்கு ரொம்ப முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவுக்காகத் தில்லானா மோகனாம்பாள் போட்டேன். நெட்டில் கிடைத்த, நல்ல தெளிவான பிரதி. கலர் பளிச்சென்று இருந்தது, திரை முழுக்க நிறைந்திருந்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாகஸ்வரமும் சலங்கையும் போட்டி போடுகிற இடம் வந்தது. அம்மா முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஏண்டா, பத்மினி காலைக் காணோமே" என்றார். நிறுத்திப் பார்த்தேன். முழு உருவமாக ஆடுகிற ஷாட்டில் கணுக்காலுக்கு மேலேயே படம் முடிந்துவிடுகிறது. சலங்கைச் சத்தம் கேட்கிறது, சலங்கை இல்லை. அடுத்த ஷாட்டில் நெற்றிச்சுட்டிக்கு மேலே தலை இல்லை.

1968-ல் வந்த படம் அது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ராஜராஜ சோழன் வந்ததே 1973-ல்தான். அதற்கு முன்னால் வந்த நம் படங்களெல்லாம் கிட்டத்தட்ட 4:3 அளவுக்கு, ஏறக்குறைய சதுரமாகச் சட்டம் கட்டி எடுத்தவை. அதை இன்றைய அகலத் திரைக்கு நிரப்ப வேண்டுமென்றால் ஒன்று பக்கவாட்டில் இழுக்க வேண்டும், எல்லோரும் குண்டாகிவிடுவார்கள், இல்லையென்றால் மேலும் கீழும் வெட்ட வேண்டும். வெட்டினால் உயரத்தில் ஏறக்குறைய கால்வாசி போய்விடும். ஒரு நடனக் காட்சியில் அந்தக் கால்வாசி எங்கே போகும்? காலில்தான் போகும். ஏ.பி. நாகராஜன் எவ்வளவு யோசித்து அந்த மேடையையும் ஆட்டக்காரியையும் வாசிப்பவரையும் ஒரே சட்டத்துக்குள் வைத்திருப்பார், அதை ஒரு பொத்தானை அழுத்தி நறுக்கி, அதன் மேல் "ஹெச்டி" என்று ஒட்டி விட்டுவிடுகிறார்கள். கறுப்புப் பட்டை தெரிந்தால் பார்க்கிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயமாம். இந்த விஷயத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் இருக்கிறது. சிறிய திரையில் இது தெரியாமல் போய்விடும், பெரிய திரையில் மறைக்கவே முடியாது.

அதற்குப் பிறகு பழைய படம் எதை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். டைட்டில் எழுத்து மேலே கீழே இடிக்கிறதா, நின்று பேசுகிறவரின் தலைக்கு மேல் கொஞ்சம் காற்று இருக்கிறதா என்று பார்ப்பேன். அந்தப் படத்தையே வீட்டில் கிடந்த பழைய டிவிடியில் தேடி எடுத்துப் போட்டேன். 576 கோடுதான், 100 இன்ச்சில் கொஞ்சம் மங்கல், அங்கங்கே கோடு விழுகிறது, இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஓர் அடி காலி. ஆனால் சட்டம் முழுசாக இருந்தது. அம்மா கடைசிவரை பார்த்தார். தெளிவான அரைகுறைப் படத்தைவிட மங்கலான முழுப் படம் எனக்கு மேல். இதில் என் நண்பர்கள் பாதிப் பேர் என்னோடு ஒத்துப்போவதில்லை, இன்னும் சண்டை நடக்கிறது.

இதே காரணத்துக்காகத்தான் டிஸ்க்கை நான் விடவில்லை. 1080p படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் வேகம் போதும் என்று ஓடிடிகளே சொல்கின்றன, ப்ளூரேயில் அது 40 வரை போகலாம். புகை, மழை, இருட்டு வானம், இந்த மூன்றிலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் தமிழ்ப் படங்கள் ப்ளூரேயில் கிடைப்பது அபூர்வம் என்பதால் கிடைத்ததை விடாமல் வாங்கி வைக்கிறேன்.

சத்தம். ஆரம்பத்தில் ஒரு சவுண்ட்பார் போட்டிருந்தேன், ராத்திரி பத்து மணிக்கு மேல் ரிமோட்டைக் கீழே வைக்கவே முடியாது. வசனத்துக்காக ஏற்றினால் பின்னணி இசை வந்து அறையை உலுக்கும், குறைத்தால் அடுத்த வசனம் காதில் விழாது. மூன்றாவது வருடம் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் ஓட்டுகிற 5.1 ரிசீவர் வாங்கி, நடு ஸ்பீக்கரை மட்டும் 3 டெசிபல் கூட்டி வைத்தேன். வசனம் பெரும்பாலும் அந்த நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது என்பதால் பிரச்சினை அதோடு தீர்ந்தது. ராத்திரியில், பெரிய சத்தத்தை அடக்குகிற நைட் மோடும் போட்டுவிடுவேன், பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்க வேண்டும். குருதிப்புனல் 1995-ல் டால்பி ஸ்டீரியோவில் வந்தபோது தியேட்டரில் பின்னால் திரும்பிப் பார்த்த தலைமுறை நான், அந்த அனுபவத்தை வீட்டில் கேட்டபோது சிலிர்த்தது. ஆனால் ஐம்பது அறுபதுகளின் படங்களுக்கு சரவுண்ட் எஃபெக்ட் எதுவும் போடாதீர்கள். அவை மோனோ, ஒரே ஸ்பீக்கரில் விட்டால்தான் டி.எம்.எஸ். குரல் நடுவில் திடமாக நிற்கிறது. தலைக்கு மேலிருந்தும் சத்தம் வருகிற அட்மாஸுக்கு நான் போகவில்லை, இந்த அறையில் அதற்கு இடமும் இல்லை.

பராமரிப்பில் பட்ட அடி ஒன்று. லேம்ப் 4500 மணி நேரம் என்று போட்டிருக்கும். அது லேம்ப் அணைகிற கணக்கு என்று நினைத்திருந்தேன், வெளிச்சம் பாதியாகக் குறைகிற கணக்கு அது. எனக்கு 2600 மணி தாண்டியபோதே மங்கியது நன்றாகத் தெரிந்தது. ஒரிஜினல் விலை அதிகம் என்று ஆன்லைனில் பாதி விலைக்கு ஒன்று வாங்கினேன். மூன்றே மாதத்தில் படம் மினுக்கத் தொடங்கி, ஒரு கிளைமாக்ஸ் நடுவில் அணைந்தே போனது. விற்றவர் வாரன்டி இல்லை என்று கைவிரித்துவிட்டார். கடைசியில் ஒரிஜினலையே வாங்கினேன், ஆக இரண்டு செலவு. லேம்ப் மட்டும் மலிவில் வாங்காதீர்கள்.

தூசி வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றி பிரஷ்ஷால் துடைக்கிறேன். அதையும் மீறி உள்ளே ஒரு துகள் போய், இருட்டுக் காட்சியில் திரையின் இடது ஓரத்தில் பச்சையாக ஒரு வட்டம் தெரிந்தது, சர்வீஸில் கொடுத்து ஊதி எடுத்தார்கள். கரன்ட் விஷயம் இன்னொன்று: லேம்ப் சூடாக இருக்கும்போது கரன்ட் போனால் மின்விசிறியும் நின்று, சூடு உள்ளேயே தங்கிவிடும். எங்கள் இன்வெர்ட்டரின் பின்பக்கம் இருக்கும் சுவிட்சை யூபிஎஸ் மோடுக்கு மாற்றி வைத்த பிறகு புரொஜெக்டர் அணைவதே இல்லை. திருச்சி மே மாதத்தில் கதவையும் திரைச்சீலையையும் மூடிக்கொண்டு பகல் காட்சி பார்ப்பதென்றால் ஏசி இல்லாமல் முடியாது, அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இதெல்லாம் இருந்தும் புதுப் படத்துக்கு முதல் வாரம் தியேட்டருக்குத்தான் போகிறோம், மாரிஸில் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து சிரிப்பதை இந்த அறைக்குள் கொண்டுவர முடியாது. இந்த அறை அம்மாவின் படங்களுக்கும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற படங்களுக்கும். லேசர் புரொஜெக்டருக்கு மாறலாமா என்று இப்போது ஒரு யோசனை இருக்கிறது, லேம்ப் தொல்லை இல்லாமல் போகும். இருக்கிற லேம்ப் ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டிருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். தில்லானா மோகனாம்பாள் வெட்டப்படாத 4:3 சட்டத்தோடு, என் டிவிடியைவிட நல்ல பிரதியாக, காசு கொடுத்து வாங்குகிற மாதிரி எங்காவது இருந்தால் சொல்லுங்கள். அம்மாவுக்கு இந்த ஆவணியில் எழுபத்தைந்து முடிகிறது.