மேல்மாடி ஷவருக்கு ஃபோர்ஸ்: ஸ்டாண்டை உயர்த்துவதா, பிரஷர் டேங்க் வைப்பதா?

மேல்மாடி ஷவரில் தண்ணீர் நூலாக வருகிறது என்றால் பலரும் முதலில் செய்வது, 500 லிட்டர் தொட்டியை மாற்றி 1000 லிட்டர் வைப்பது. காசுதான் வீண். திறந்த தொட்டியில் அழுத்தம் என்பது நீர்மட்டத்தின் உயரம் மட்டுமே. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு), 1 மீட்டருக்கு 0.1 பார். தொட்டி எவ்வளவு அகலமானாலும் இந்தக் கணக்கு மாறாது.

மொட்டைமாடியில் 1 மீட்டர் ஸ்டாண்டு, அதன் மேல் தொட்டியில் 1 மீட்டர் தண்ணீர். கூரைக்கு 1 மீட்டர் கீழே ஷவர். மொத்தம் 3 மீட்டர், அதாவது 0.3 பார். தொட்டி காலியாகும் நேரத்தில் அது 0.2 பார் ஆகிவிடும். ஒரு தளம் கீழே இறங்கினால் 0.6 பார் கிடைக்கிறது. வாளி நிரப்ப இது தாராளம். ஆனால் தானியங்கி வாஷிங் மெஷின்கள் பல 0.3 முதல் 0.5 பார் வரையாவது கேட்கும். மேல்மாடியில் அவை தண்ணீர் வரவில்லை என்று நின்றுவிடுவது இதனால்தான்.

மேலே சொன்னது தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது இருக்கும் அழுத்தம். குழாயைத் திறந்ததும் உராய்வு ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடும்போது, உள்விட்டம் 15 மி.மீ. உள்ள 10 மீட்டர் பைப் சுமார் 0.85 மீட்டர் உயரத்தை விழுங்குகிறது. கையில் இருப்பதே 3 மீட்டர்தான். அதே ஓட்டத்துக்கு 25 மி.மீ. பைப்பில் இழப்பு 0.1 மீட்டர்கூட இல்லை. ஒவ்வொரு எல்போவும், பாதி திறந்த கேட் வால்வும் இன்னும் கொஞ்சம் பறிக்கும். எனவே பம்ப் வாங்கும் முன் தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பின் அளவைப் பாருங்கள். பல வீடுகளில் அதைப் பெரிதாக்கி, ஷவர் தலையில் படிந்த உப்பை நீக்கினாலே போதும்.

ஸ்டாண்டை உயர்த்தலாம். ஆனால் 2 மீட்டர் ஏற்றினால் கிடைப்பது 0.2 பார். 1000 லிட்டர் தண்ணீர் ஒரு டன். அந்தச் சுமை கூரையின் நடுவில் அல்லாமல் தூண், பீம் மேல் இறங்க வேண்டும். பராமரிப்பே இல்லை, கரண்ட் போனாலும் தண்ணீர் வரும் என்பது இதன் பலம்.

பிரஷர் டேங்க் வேறு வழியில் வேலை செய்கிறது. மூடிய இரும்புக் கலனுக்குள் ஒரு ரப்பர் பை; பைக்குள் தண்ணீர், வெளியே காற்று. பம்ப் தண்ணீரை உள்ளே தள்ளும்போது காற்று அமுங்குகிறது, குழாய் திறந்தால் அந்தக் காற்று தண்ணீரைத் தள்ளிவிடுகிறது. பிரஷர் ஸ்விட்ச் 1.4 பாரில் பம்பை ஓடவிட்டு 2.8 பாரில் நிறுத்தும். 24 லிட்டர் டேங்க் என்றால் 24 லிட்டர் தண்ணீர் என்று எண்ணிவிடக் கூடாது. காற்றைச் சரியாக வைத்தால் ஒரு சுற்றில் வெளியே வருவது சுமார் 8 லிட்டர். காற்று 0.5 பாருக்கு இறங்கிவிட்டால் அது ஐந்தரை லிட்டராகும், பம்ப் அடிக்கடி ஓடும். காற்று அறவே போனால் சில நொடிக்கு ஒருமுறை ஓடி நின்று, ஸ்விட்சின் முனைகளும் மோட்டாரும் கருகும்.

காற்றை அளக்கும் முறை: பம்பை அணைத்து, குழாயைத் திறந்து டேங்க்கிலுள்ள தண்ணீரை முழுக்க வடியுங்கள். டயர் கேஜை டேங்க்கின் காற்று வால்வில் வையுங்கள். பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 2 பி.எஸ்.ஐ. (டயர் கேஜில் காட்டும் அழுத்த அலகு) குறைவாக, அதாவது 20 பி.எஸ்.ஐ. (1.4 பார்) ஸ்விட்சுக்கு 18 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும். குறைந்தால் சைக்கிள் பம்பே போதும். அதிகமாக அடித்தால், பம்ப் ஓடும் முன்பே பை காலியாகித் தண்ணீர் ஒரு கணம் அறுந்து வரும். வால்வு ஊசியை அமுக்கும்போது தண்ணீர் வந்தால் பை கிழிந்திருக்கிறது, காற்றடித்துப் பயனில்லை.

ஃப்ளோ ஸ்விட்ச் (தண்ணீர் ஓடுவதை உணர்ந்து பம்பைப் போடும் ஸ்விட்ச்) மட்டும் உள்ள சிறிய பம்ப் விலை குறைவு. ஆனால் தண்ணீர் முதலில் தானாக ஓடினால்தான் அது விழிக்கும். ஷவரில் சொட்டு மட்டுமே வரும் வீட்டில் சில நேரம் அது ஓடவே ஓடாது.

பொருத்தும்போது பெரும்பாலும் தவறவிடுவது ஏர் பைப். தொட்டியின் வெளிவழியில் மேல்நோக்கி நிற்கும் அந்தத் திறந்த பைப், பம்பைத் தாண்டிய பக்கத்தில் இருந்தால் அதன் வழியே தண்ணீர் பீய்ச்சும். அதைத் தொட்டிக்கும் பம்புக்கும் இடையே மாற்ற வேண்டும். அடைத்துவிட்டு மறந்தால், வால்வை மூடிக் கீழ்க்குழாயைத் திறக்கும்போது லைனில் வெற்றிடம் உருவாகி, ஹீட்டரின் உள்கலன் உள்வாங்கக்கூடும்.

பழைய லைன் என்றால் இன்னொரு சோதனை: பம்ப் நின்றதும் அதன் மின்சாரத்தைத் துண்டித்து, எல்லாக் குழாய்களையும் மூடி, லைனின் பிரஷர் கேஜை அரை மணி நேரம் கவனியுங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்கவில்லை. 0.3 பாரில் தெரியாத கசிவு 2.8 பாரில் சுவரை நனைக்கும்.

கீழ்த்தளத்துக்குத் தொட்டியின் உயரமே போதும். அந்த லைனைப் பிரித்து நேரே விடுங்கள். மேல்மாடி லைனுக்கு மட்டும் பிரஷர் டேங்க், கூடவே பம்பைச் சுற்றி நான்-ரிட்டர்ன் வால்வுடன் ஒரு பைபாஸ் (மாற்றுவழிப் பைப்). கரண்ட் போனால் பழைய 0.3 பாராவது அதன் வழியே வரும்.