ரொசெட்டா கோட்: குறையுள்ள விடைகளும் இருக்கட்டும்

பதுளையில் உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். ரொசெட்டா கோட் என்ற இணையதளம் பல வருடமாக என் வகுப்பில் புழங்குகிறது. 2007இல் மைக் மோல் தொடங்கியது. ஒரே வேலையை வெவ்வேறு கணினி மொழிகளில் எப்படிச் செய்வது என்று யாரும் எழுதிச் சேர்க்கலாம். உயர்தரத்தில் பிள்ளைகள் படிப்பது பைத்தன். மற்ற மொழிகளின் சுபாவத்தை இங்கேதான் காட்டுகிறேன். நீளமான பக்கங்களைக் கைப்பேசியில் உருட்டுவது அலுப்பு, அவ்வளவுதான்.

குறையுள்ள விடைகளை அங்கே வைக்கலாமா? வைக்கத்தான் வேண்டும் என்பேன்.

சொல்லைத் திருப்பிப் போடும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தனில் ஒரே வரி. ‘பதுளை’ என்று கொடுத்தால் ‘ைளுதப’ வருகிறது! உகரக் குறி தகரத்தை விட்டுவிட்டு ளகரத்தோடு ஒட்டிக்கொள்கிறது, ஐகாரக் குறி முன்னால் தனியே நிற்கிறது. நமக்கு மூன்று எழுத்து, பைத்தனுக்கு ஐந்து யூனிகோட் குறியீடு (கணினி எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனியே வைத்திருக்கும் எண்). ஸ்விஃப்ட், ராக்கு என்ற மொழிகள் குறிகளை எழுத்தோடு சேர்த்தே எண்ணுவதால் ‘ளைதுப’ என்று சரியாகத் தருகின்றன. சி மொழியில் பைட் பைட்டாகத் திருப்பினால் எழுத்தே மிஞ்சாது, ஏனென்றால் குறியீடுகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்.

பைத்தனின் அந்த ஒரு வரியை நீக்கிவிட்டால், அந்த மொழி எழுத்தை எப்படிப் பார்க்கிறது என்பதே மறைந்துபோகும். இன்னொன்று: ஸ்விஃப்டிடம் ‘லக்ஷ்மி’யைக் கொடுங்கள், ‘மிஷ்க்ல’ என்கிறது. நமக்கு க்ஷ ஓர் எழுத்து, யூனிகோட் விதிப்படி அது இரண்டாக உடைகிறது. குறையே இல்லாத விடைக்கு மட்டும்தான் இடம் என்றால் ஸ்விஃப்டும் வெளியே போக வேண்டியதுதான்.

ஆனால் குறையைச் சொல்லாமல் போட்டுவிட்டுப் போவதை நான் ஏற்கமாட்டேன். சி மொழியில் 32 பிட் முழு எண்ணை வைத்துத் தொடர்பெருக்கம் (1இலிருந்து ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது) எழுதினால் 12 வரை சரியாக வரும். 13க்கு விடை 32 பிட்டில் அடங்காததால் ஏதோ ஓர் எண்ணைத் தரும், எச்சரிக்கை எதுவும் இருக்காது. ‘12 வரைதான்’ என்று பக்கத்தில் ஒரு வரி இருந்தால் அது அருமையான பாடம். இல்லாவிட்டால் அதை நம்பி எடுக்கும் பிள்ளை ஏமாந்துபோகும். பிழையான விடைக்கு அடையாளம் போட அந்தத் தளத்திலேயே வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் கூடினால் போதும்.

என் மாணவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: எந்த விடையை எடுத்தாலும் முதலில் உங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் கொடுத்து ஓடவிடுங்கள், அப்புறம் ஒரு பெரிய எண்ணைக் கொடுங்கள், எங்கே உடைகிறது என்று கொப்பியில் எழுதுங்கள்.