திருப்பூர் காதர்பேட்டை: தைக்கிறவங்க, க்ரோஷே போடுறவங்க பார்வையில ஒரு ரிவ்யூ

காதர்பேட்டை பத்தி யாரைக் கேட்டாலும் மொத்த வியாபாரம், கடைக்கு சரக்கு எடுக்கிறதுன்னு தான் சொல்றாங்க. வீட்ல ஒரு தையல் மெஷினும் நாலு க்ரோஷே ஊசியும் வெச்சுக்கிட்டு பழைய துணியில ஏதாச்சும் செஞ்சுட்டே இருக்கிற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அங்க என்ன இருக்குன்னு யாரும் எழுதல, அதனால நான் எழுதறேன். முதல்லயே சொல்லிடறேன், பனியன் துணியும் டி-ஷர்ட் நூலும் (டி-ஷர்ட்டை நீளப் பட்டையா வெட்டி பின்றதுக்கு எடுக்கிற நூல்) வேணும்னா எனக்குத் தெரிஞ்சு இதைவிட நல்ல எடம் இல்ல. ஆனா துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கத் தெரிஞ்சிருக்கணும்.

ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கினா நடந்தே போயிடலாம். சந்து சந்தா கடைங்க, எல்லாம் பனியன், டி-ஷர்ட், லெக்கிங்ஸ், குழந்தைங்க துணி. எக்ஸ்போர்ட்ல மிஞ்சினது, செக்கிங்ல கழிச்சுவிட்டது எல்லாம் செகண்ட்ஸ்னு இங்க வந்து குவியுது, பாதிக்கு மேல லேபிளை வெட்டித்தான் இருக்கும். செகண்ட்ஸ்னா மட்டமான துணின்னு நினைக்காதீங்க, ஒரு எடத்துல ஊசி லைன் விழுந்திருக்கும், சின்னதா ஆயில் கறை இருக்கும், பிரிண்ட் ரெண்டு இஞ்ச் தள்ளி விழுந்திருக்கும், அவ்ளோதான். போட்டுக்க வாங்குறவங்களுக்கு அது குறை, வெட்டித் தைக்கப் போற நமக்கு அந்த எடத்தை விட்டுட்டு வெட்டினா மீதி எல்லாம் முழு நல்ல துணி. நான் டபுள் எக்ஸ்எல், ட்ரிபிள் எக்ஸ்எல் சைஸாப் பார்த்து எடுப்பேன், அதுல ஒண்ணுல ரெண்டு ஜப்லா வரும், கழுத்துப் பட்டிக்கு அதே துணியில வெட்டிக்கலாம்.

டி-ஷர்ட் நூல் விஷயத்துக்கு வர்றேன், நான் அதிகமா போறதே இதுக்குத்தான். எல்லா பனியன் துணியும் நூலாகாது. அங்க ஒரு பெரியவர் கடையில நான் அழகான பச்சை கலர்ல ஒண்ணை எடுத்ததும், "எதுக்கம்மிணி இது, பின்னறதுக்குங்களா? இது ரிப்புங்க, இழுத்தா உருளாதுங்க, ஜெர்சி எடுங்க"ன்னு அவரே வாங்கி வெச்சுட்டு வேற கட்டைப் பிரிச்சுக் காட்டினாரு. அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ரிப், ஜெர்சி, இன்டர்லாக் எல்லாம் பனியன் துணியைப் பின்ற வகைங்க. துணியோட வெட்டின ஓரத்தை ரெண்டு கையால பிடிச்சு இழுங்க, தானா சுருண்டுச்சுன்னா சிங்கிள் ஜெர்சி, தட்டையாவே நின்னா ரிப் இல்லைன்னா இன்டர்லாக். நூலுக்கு சிங்கிள் ஜெர்சி தான் வேணும், சுருள்றதாலதான் வெட்டின ஓரம் உள்ள போய் உருண்டையான நூலா வருது. இன்டர்லாக் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மெத்துனு இருக்கும், அதை குழந்தைங்க துணிக்கு வெச்சுக்கோங்க.

டி-ஷர்ட் எடுக்கும்போது சைடு தையல் இல்லாத குழாய் துணியாப் பாருங்க, அப்பத்தான் அக்குளுக்குக் கீழ இருந்து ஒரே இழையா சுத்தி வெட்டிட்டே வரலாம், நடுவுல முடிச்சு வராது. ரப்பர் பிரிண்ட் இருந்தா வேண்டாம், அந்த எடம் சரியா சுருளாம பட்டையா நிக்கும். ஒரு மீட்டர் சுத்தளவு இருக்கிற டி-ஷர்ட்டை ஒரு இஞ்ச் அகலத்துல வெட்டினா பதினஞ்சு பதினாறு மீட்டர் வரும், இழுத்துவிட்டா இன்னும் கொஞ்சம் கூடும். இதுக்கு 10 மி.மீ. க்ரோஷே ஊசி எனக்கு வசதி, 8க்கு கீழ போனா கை வலி எடுத்துடும். இப்போதைக்கு ஹாலுக்கு ஒரு வட்ட மிதியடி, வெங்காயம் உருளைக்கிழங்கு போட்டு வைக்க ஒரு கூடை, அப்புறம் பழைய ஜீன்ஸ் காலை வெட்டி தெச்ச ஸ்லிங் பேக்குக்கு பின்னின வார், இதெல்லாம் காதர்பேட்டை துணியில தான் பண்ணேன். கூடை ரொம்ப நல்லா நிக்குது, ஆனா அந்த வார் பாரம் வெச்சதும் இழுத்துக்கிட்டு நீளமாகுது. வாருக்கு ஜீன்ஸ் துணியையே மடிச்சு தைக்கிறதுதான் சரி, உள்ள லைனிங் மட்டும் பனியன் துணி போட்டா போதும்.

கிலோ கணக்குல துணி எடுக்கிறவங்களுக்கு ஒரு சின்ன கணக்கு, 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 160 கிராம்) துணின்னா ஒரு கிலோவுக்கு ஆறேகால் சதுர மீட்டர், ஒன்றரை மீட்டர் அகலம்னா நாலு மீட்டர் நீளத்துக்கு மேல வரும். ஸ்வெட்ஷர்ட் மாதிரி கனமான துணி 280, 300 எல்லாம் போகும், அதே கிலோவுக்கு பாதி தான் கெடைக்கும், அதனால கிலோ விலை கம்மியா இருக்குன்னு மட்டும் பார்த்து எடுத்துடாதீங்க.

பிடிக்காததும் இருக்கு. ஒரு கடையில கட்டைப் பிரிக்கவே விடல, மேல இருந்தது காட்டன், வீட்டுக்கு வந்து பார்த்தா உள்ள பாதி பாலியஸ்டர். ஓரத்துல ஒரு இழையை உருவி நெருப்புல காட்டுங்க, காட்டன்னா காகிதம் எரியற வாசம் வந்து சாம்பலா உதிரும், பாலியஸ்டர் உருகி கெட்டி மணியாகிடும். பிரிச்சுப் பார்க்க விடாத கடையில வாங்காதீங்க, பக்கத்துலயே நூறு கடை இருக்கு. அப்புறம் இன்னைக்குப் பார்த்த கலர் அடுத்த தடவை இருக்காது, மிதியடிக்குத் தேவையானதை ஒரேயடியா எடுத்துடணும். பில், ரிட்டர்ன் எல்லாம் கடைக்குக் கடை மாறும், கேட்டுக்கிட்டு வாங்குங்க. தீபாவளிக்கு முன்னாடி போகவே போகாதீங்க, நிக்க எடம் இருக்காது.

வீட்டு மெஷின்ல பனியன் துணி தைக்க வராதுன்னு நிறைய பேர் விட்டுடறாங்க, எனக்கு அது வருத்தம். கம்பெனியில ஓவர்லாக், பேட்லாக்னு தனித்தனி மெஷின்ல போடுவாங்க தான், ஆனா நம்ம மெஷின்ல ஜிக்ஜாக் இருந்தாலே போதும். பால் பாயிண்ட் ஊசி மாத்துங்க, சாதா ஊசியோட கூர் நுனி இழையை அறுத்து ஓட்டை போடும், இது இழையை விலக்கிட்டு உள்ள போகும். ஜிக்ஜாக் அகலம் ஒண்ணுக்குள்ள வெச்சு, நீளம் ரெண்டரை வெச்சு, பாலியஸ்டர் நூல் போட்டு, துணியை இழுக்காம விட்டீங்கன்னா தையல் துணியோட சேர்ந்து நல்லா விரியும். வெட்றதுக்கு முன்னாடி ஒரு தடவை துவைச்சுடுங்க, பனியன் துணி சுருங்கும்.

கட்டிங் வேஸ்ட்டும் கிலோவுக்கு கிடைக்கும். இதெல்லாம் ஒர்க்‌ஷாப்ல கை துடைக்கவும், திரும்ப நூலாக்க ஓஇ (ஓபன் எண்ட்) நூல் மில்லுக்கும் போறது தான். ஒரு துண்டு கூட வீணாப் போகக்கூடாதுன்னு எனக்கு இதுல ஒரு பிடிவாதமே உண்டு. இந்தத் துணிக்கு சாயம் ஏத்தின தண்ணி நொய்யல் ஆத்துல கலந்து ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் கெட்டுப்போச்சு, 2011ல ஹைகோர்ட்டே சாயப்பட்டறைங்களை மூடச் சொல்ற அளவுக்குப் போச்சு. அவ்ளோ வெலை குடுத்து வந்த துணியில மிஞ்சினதை வெச்சு தலையணைக்கு அடைச்சாலும் நல்லதுதான், நான் சின்னத் துண்டெல்லாம் சேர்த்து ஒரு பூஃப் (தரையில போட்டு உக்கார்ற குட்டி மெத்தை ஸ்டூல்) அடைச்சிருக்கேன், உக்காந்தா அமுங்கவே இல்ல, அவ்ளோ கெட்டி.

சட்டை பின்ற மெல்லிசு காட்டன் நூல், பொம்மைக்கு அக்ரிலிக் நூல் இதெல்லாம் தேடுறவங்க இங்க போக வேண்டாம், பின்றதுக்குன்னே நூல் விக்கிற கடைக்குப் போங்க. மிதியடி, கூடை, பை, குழந்தைங்க துணி பண்றவங்க காலையிலயே போய், கையில ஒரு பெரிய பையும் சின்ன கத்திரியும் வெச்சுக்கிட்டு, நாலு கடை பார்த்துட்டு அப்புறம் வாங்குங்க.