பேஸ் ஆம்ப்புக்கு ஸ்பீக்கர் மாற்ற நினைப்பவர்கள் கவனத்துக்கு: என் 11,400 ரூபாய் போன கதை

நேற்று மாலை ஆறாவது முறையாக அந்தக் கடைக்குப் போனேன். "இந்தப் பெட்டியை நாங்கள் செய்யவே இல்லை, சார்" என்கிறான் கடைப் பையன். அந்த ஸ்பீக்கர் பெட்டிக்கு ரெக்சின் ஒட்டியவனே அவன்தான். ஒட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

போனது 11,400 ரூபாய். கூடவே பேஸ் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பும் போய்விட்டது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை, வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே, பழைய ஸ்பீக்கருக்குக் கோன் (முன்னால் அதிரும் கூம்பு) மாற்றி, பெட்டியும் அடித்துத் தரும் கடை. அவ்வளவுதான் சொல்வேன். ஸ்பீக்கரும் பெட்டியும் மாற்றுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

தேவாலயப் பாடகர் குழுவில் பதினைந்து வருடமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். வீட்டில் பழகுவதற்கு 25 வாட் ஆம்ப், அதில் 8 அங்குல ஸ்பீக்கர். நான்கு கம்பிக் கிட்டாரில் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 41 அதிர்வு. போன வருடம் ஐந்து கம்பிக்கு மாறினேன், அதில் 31 ஹெர்ட்ஸ். பிரெட் டப்பா போன்ற பெட்டியில் எட்டு அங்குல ஸ்பீக்கர் அந்தச் சுரத்துக்கு இறங்கவே இறங்காது. அதன் மேல்சுரங்களை மட்டும் கேட்டு, அடிச்சுரத்தைக் காது தானாக ஊகித்துக்கொள்ளும். டிரம்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த ஊகமும் நின்றுவிடும். புது ஆம்ப் வாங்க இப்போது வசதி இல்லை. 12 அங்குல ஸ்பீக்கரும் அதற்கேற்ற பெட்டியும் போதும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் தவறில்லை. ஒரு வாட்டுக்கு 3 டெசிபல் கூடுதலாகச் சத்தம் தரும் ஸ்பீக்கரை மாட்டுவது, ஆம்ப்பின் வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். ஆளைத் தேர்ந்தெடுத்ததில்தான் தவறிவிட்டேன்.

கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். கிட்டாரையும் ஆம்ப்பையும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். "வாசியுங்கள் தம்பி" என்றார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஐந்து கம்பியா? அப்படியென்றால் முப்பத்தொன்று வரை இறங்க வேண்டுமே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன், இந்த எண்ணை வாயால் சொன்ன முதல் கடைக்காரர் அவர். டீ வரவழைத்தார். அந்தக் காலத்தில் மெல்லிசைக் கச்சேரிகளுக்குப் பெட்டி அடித்துக் கொடுத்த கதைகளைச் சொன்னார். ஆம்ப்பின் பின்னால் "குறைந்தது 8 ஓம்" என்று அச்சடித்திருப்பதை நானே காட்டினேன். ஓம் என்பது மின்தடையின் அளவு, ஸ்பீக்கரில் அது குறைந்தால் ஆம்ப்பிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். "அது தெரியாமலா இந்தத் தொழிலில் இருக்கிறேன்?" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஸ்பீக்கர் 6,500. பதினெட்டு மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் பெட்டி 5,300. பழைய ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு 400 கழித்தார். ஆக 11,400. ஐயாயிரம் முன்பணம் யுபிஐ மூலம் போனது, யாரோ ஒரு பெண்ணின் பெயருக்கு. மீதியை ரொக்கமாகக் கேட்டார். கொடுத்தேன். கிடைத்தது பில் அல்ல, மேலே "எஸ்டிமேட்" என்று போட்ட துண்டுச் சீட்டு.

"பெட்டியை எடுக்க வரும்போது ஆம்ப்பை ஏன் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள்? சும்மா வாருங்கள், தம்பி" என்றார். அக்கறை என்று நினைத்தேன்! கிட்டாரும் இல்லாமல் வெறுங்கையோடு போனேன். தன் கடையில் இருந்த பெரிய ஆம்ப்பில் பெட்டியை மாட்டி, கைப்பேசியிலிருந்து ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார். மேசையில் இருந்த டீ கிளாஸ் ஆடியது. பூரித்துப்போய் மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து என் ஆம்ப்பில் மாட்டினால் பழைய எட்டு அங்குலத்தின் சத்தம்கூட இல்லை. கம்பளிக்குள் வாயை வைத்துப் பேசுவது போல இருந்தது. விரல் கம்பியில் படும் ஓசையே கேட்கவில்லை. இருபது நிமிடத்தில் ஆம்ப் தானாக நின்றது. ஆறியதும் வந்தது. மறுபடி நின்றது.

தொலைபேசியில் கேட்டேன். "புது ஸ்பீக்கர், ஓட ஓட இளகும்" என்றார். பத்து நாள் ஓட்டினேன். அடுத்து, "உங்கள் வீட்டு வோல்டேஜைப் பாருங்கள்." அதற்கடுத்து, "கிட்டார் கம்பி பழசா?" நேரில் போனால் "முதலாளி ஊரில் இல்லை", "அமாவாசை கழித்து வாருங்கள்". ஒரு நாள் கடைக்குள்ளிருந்து அவர் இருமும் சத்தம் கேட்கிறது, பையன் வாசலில் நின்று ஊரில் இல்லை என்கிறான். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. இதற்குள் ஆம்ப் ஒரேயடியாக அணைந்துவிட்டது.

எங்கள் தெருவில் மிக்ஸி, டிவி பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தார். 3.4 காட்டியது. எட்டு ஓம் ஸ்பீக்கர் என்றால் ஆறு, ஏழுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டுமாம். காந்தத்தின் பின்னால் இருந்த ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர். அதில் 4 ஓம். "இது கார் டிக்கியில் வைக்கிற சப்வூஃபர், கோன் மாற்றியிருக்கிறார்கள்" என்றார். அடிச்சத்தத்துக்கு மட்டுமான ஸ்பீக்கர் அது. கனத்த கோன், நூற்றுக்கணக்கான வாட் தள்ளினால்தான் அசையும். என் 25 வாட்டை அது மதிக்கவே மதிக்காது. போதாக்குறைக்கு 4 ஓம் என்பதால் மின்னோட்டத்தை இரட்டிப்பாக இழுத்து, ஆம்ப்புக்குள் இருக்கும் ஐசி சிப்பை வேகவைத்துவிட்டது. கடையில் டீ கிளாஸ் ஆடியது அவருடைய பெரிய ஆம்ப்பின் வேலை.

பெட்டியின் லட்சணத்தையும் கேளுங்கள். தூக்கும்போது கைப்பிடி திருகோடு கையில் வந்துவிட்டது. ஓட்டையிலிருந்து தூள் கொட்டுகிறது. மரைன் பிளைவுட்டாம்! ரெக்சினுக்கு அடியில் முழுக்க மரத்தூளை ஒட்டிச் செய்த பார்ட்டிகிள் போர்டு. முன்பக்கம் இரண்டு ஓட்டை போட்டிருக்கிறார், வடைக்குப் போடுவது போல. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுரம்தான் வரும் அல்லவா? பெட்டியின் ஓட்டையும் அதே கணக்குதான். பெட்டியின் கொள்ளளவு, ஓட்டைக்குள் வைக்கும் குழாயின் நீளம், ஸ்பீக்கரின் சொந்த அதிர்வெண், எல்லாம் பொருந்த வேண்டும். தீல், ஸ்மால் என்ற இரண்டு பொறியாளர்கள் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இதற்கெல்லாம் கணக்கு வகுத்து வைத்துவிட்டார்கள். எங்கள் பெரியவர் குழாயே வைக்கவில்லை. ஆனால் முப்பத்தொன்று என்று மட்டும் சொல்லத் தெரிந்திருக்கிறது.

இந்த ஸ்டிக்கரைக் காட்டத்தான் நேற்று போனேன். கிடைத்த பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். 11,400 ரூபாய் வாங்கிய கை, ஒரு முறை எழுந்து வந்து முகத்தைக்கூடக் காட்டவில்லை.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், கோபத்தில் கோர்வையாக வரவில்லை. உங்கள் ஆம்ப்பில், உங்கள் கிட்டாரை மாட்டி, அரை மணி நேரம் வாசித்துப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நூறு, இருநூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது, கையோடு கொண்டு போய் ஓம் பாருங்கள். பழைய ஸ்பீக்கரைக் கழித்துக்கொள்ளக் கொடுக்காதீர்கள், அது இருந்திருந்தால் நான் இன்றைக்குப் பழைய நிலையிலாவது இருப்பேன். ஜிஎஸ்டி பில் தராவிட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்று காலை அழைத்துப் புகார் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை என்கிறார் வக்கீல் நண்பர். ஆனால் என்னிடம் இருப்பது அந்த எஸ்டிமேட் சீட்டும், 5,000 ரூபாய்க்கான யுபிஐ பதிவும்தான். இவற்றை மட்டும் வைத்து வழக்குப் போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். சீட்டில் கடையின் முத்திரைகூட இல்லை.