காற்று டயரா, சொலிட் டயரா?

நுவரெலியா, ஹட்டன் பக்கத்து முதியோர் இல்லங்களுக்குச் சக்கர நாற்காலி வாங்கித் தர வருகிறவர்கள் விலையைக் கேட்பார்கள், டயரைக் கேட்க மாட்டார்கள். நான் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

காற்று டயர் உட்காருகிறவருக்குச் சுகம். முற்றத்துக் கல், பெயர்ந்த சிமெந்து என்று எல்லா அதிர்வையும் அதுவே வாங்கிக்கொள்ளும். காலமெல்லாம் கொழுந்துக் கூடை சுமந்து முதுகு தேய்ந்த பாட்டிக்கு அது சின்ன விஷயமா? பஞ்சர் ஆனாலும் டவுன் சைக்கிள் கடையில் ஒட்டித் தந்துவிடுவார்கள். சிக்கல் பிரேக்கில்தான். சாதாரண நாற்காலியில் பிரேக் என்பது டயரின் மேல் அழுந்தும் ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான். காற்று இறங்கினால் அது டயரைத் தொட்டும் தொடாமலும் நிற்கும், நாமோ லீவரைப் போட்டாயிற்று என்று கையை எடுத்துவிடுவோம். அப்படித்தான் ஒருநாள் என் கண்முன்னே, பிரேக் போட்ட நாற்காலி பாட்டியோடு சேர்ந்து சரிவில் ஒரு முழம் நகர்ந்தது. எட்டிப் பிடித்துவிட்டேன், ஆனால் நெஞ்சு படபடப்பு அடங்க வெகுநேரம் ஆனது. தை, மாசிக் குளிரில் டயரின் அழுத்தம் இன்னும் கொஞ்சம் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே காற்றில்லாத, கெட்டியான சொலிட் டயருக்கு இந்தப் பயம் குறைவு, பிரேக்கின் பிடி திடீரென்று தளராது. ஆனால் கனம் கூட, ஒவ்வொரு குலுக்கலும் நேரே இடுப்புக்குப் போகும். அதனால் அதற்கு நல்ல மெத்தை கட்டாயம். ஆளை உட்கார வைத்து மெத்தைக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள், எலும்பு விரலில் தட்டுப்பட்டால் அந்த ஸ்பொஞ்ச் செத்துவிட்டது, அப்புறம் புண்தான்.

பலர் மாறி மாறி உட்காரும் பொது நாற்காலிக்கு சொலிட் டயர்தான் சரி. ஒருவருக்கென்றே இருந்து, வாரம் ஒருமுறை டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்றடித்து, பிரேக் போட்டுத் தள்ளிப் பார்க்க ஆளும் இருந்தால் காற்று டயர் வாங்குங்கள்.

நாற்காலியின் சட்டம் அலுமினியம் என்றால் நல்லது, இந்த மூடுபனியில் குரோம் உரிந்த இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். நாற்காலி ஏறி இறங்கும் சாய்தளம் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது இருக்கட்டும். முன்னால் இருக்கும் குட்டிச் சில்லைக் குனிந்து பாருங்கள்: அச்சில் தலைமுடியும் கம்பளி நூலும் சுற்றியிருக்கும், கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தால் அன்றைக்கே நாற்காலி லேசாக ஓடும்.