2,000 மணி தாண்டிய என்ஜின்: மாற்றுவதா, ஓட்டுவதா?

அமெரிக்காவில் நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து 1982-ஆம் வருஷத்து செஸ்னா 172 சிறு விமானம் ஒன்று வைத்திருக்கிறோம். அதன் லைகோமிங் ஓ-320 என்ஜின் போன வருஷம் 2,000 மணிநேர ஓட்டத்தைத் தாண்டியது. 2,000 மணி அல்லது 12 ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது ஓவர்ஹால் செய்யச் சொல்கிறது, அதாவது முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்கச் சொல்கிறது, அதைத் தயாரிக்கும் லைகோமிங் கம்பெனி. சொந்த உபயோகத்துக்குப் பறப்பவர்களை அந்நாட்டுச் சட்டம் அதற்குக் கட்டாயப்படுத்துவதில்லை. மாற்றாமல் ஓட்டுவது என்று முடிவெடுத்தோம்.

மாற்றுவதற்கும் நியாயம் இருக்கிறது. கம்பெனியே புதுப்பித்துத் தரும் என்ஜின் பூஜ்ய மணியில், புது லாக்புக்கோடு (ஓட்டக் கணக்குப் பதிவேடு) வரும். விற்கும்போது விலை கூடும். ஆனால் போட்ட பணம் முழுக்கத் திரும்பாது. அப்புறம், கோத்ததில் தவறு இருந்தால் அது பெரும்பாலும் முதல் சில மணிநேரங்களில்தான் வெளியே வரும்.

எங்களுக்கு விஷயத்தைத் தீர்த்து வைத்தது, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட். லைகோமிங்கில் அது, பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க்‌ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. என்ஜின் நின்றதும் ஆயில் கீழே வடிந்துவிடும். வாரக்கணக்கில் சும்மா நிற்கும் விமானத்தில் கேம் மேல் ஈரம் படிந்து துருப் புள்ளி விழும். மறுபடி ஓட்டும்போது அங்கிருந்து உலோகம் செதில் செதிலாகப் பெயரும். பெரும்பாலும் சிலிண்டரைக் கழற்றினால்தான் அதைக் கண்ணால் பார்க்க முடியும். அதனால் 20 வருஷத்தில் 600 மணி மட்டும் ஓடியதைவிட, நிற்காமல் 2,400 மணி ஓடிய பயிற்சிப் பள்ளி என்ஜினைத்தான் நான் நம்புவேன்.

எங்கள் விமானம் வாரம் ஒருமுறையாவது ஒரு மணிநேரம் பறந்துவிடும். பறக்க முடியாத வாரத்தில் தரையில் ஸ்டார்ட் செய்து வைப்பதில்லை. ஈரம் ஆவியாகும் அளவுக்கு ஆயில் சூடாகாது, பெட்ரோல் எரிந்து வரும் ஈரமும் உள்ளே சேர்ந்துவிடும்.

50 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்றும்போது ஃபில்டரை வெட்டி, மடிப்புத் தாளை விரித்து வெயிலில் பார்ப்போம். போன மாதம் கறுப்பாக மினுங்கும் இரண்டு துணுக்குகள் இருந்தன. காந்தத்தில் ஒட்டவில்லை. விரலால் நசுக்கினேன், பொடியாயிற்று. வெறும் கரி. மூச்சு வந்தது.

கம்ப்ரஷன் சோதனையில் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் நான்கு சிலிண்டரிலும் 72-க்கு மேல் நிற்கிறது. சிலிண்டருக்குள் நுழைத்துப் பார்க்கும் போர்ஸ்கோப்பில், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுகள் வட்டம் முழுக்க ஒரே நிறம். ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறியிருந்தால் வால்வு எரியத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இது கடலிலிருந்து தள்ளி, ஹேங்கருக்குள் நிற்கும் ஒரே ஒரு என்ஜினோடு கிடைத்த அனுபவம். கடலோரத்தில் வெட்டவெளியில் நிற்கும் விமானத்துக்கு இதையே சொல்லத் துணிய மாட்டேன். நாங்களும் 2,000-க்குப் பிறகு இரவில் பறப்பதையும் மலைமேல் போவதையும் விட்டுவிட்டோம். ஓவர்ஹாலுக்கென்று பறக்கும் மணிக்கு 20 டாலர் எடுத்து வைப்பது மட்டும் தொடர்கிறது. காந்தத்தில் இரும்புச் செதில் ஒட்டுகிற அன்று என்ஜினை இறக்குவதென்று மூவரும் பேசி வைத்திருக்கிறோம்.