64 கட்டம், 64 பிட்: பென்டியமா, ஆத்லானா?

சதுரங்கப் பலகையில் 64 கட்டம். கட்டத்துக்கு ஒரு பிட் (காய் இருந்தால் 1, இல்லையென்றால் 0) என்று வைத்தால் வெள்ளைச் சிப்பாய்கள் எட்டும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். கறுப்புக் குதிரைகளுக்கு இன்னோர் எண். பிட்போர்டு என்கிற இந்த யோசனை பழையது. 1974-இல் முதல் உலகக் கணினிச் சதுரங்கப் போட்டியை வென்ற சோவியத் நிரலான கைஸ்ஸாவிலேயே உண்டு. நம் வீட்டுக் கணினிகள்தான் ஒரு கட்டளைக்கு 32 பிட் எண்ணோடு நின்றன. 1992-இலேயே ஆல்ஃபா, 2001-இல் இட்டேனியம் என்று 64 பிட் சில்லுகள் வந்தன. சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறவன் வாங்கும் விலையா அது? 2003 செப்டம்பரில் ஏஎம்டி நிறுவனத்தின் ஆத்லான் 64 வந்த பிறகுதான் ஆசைப்படவே முடிந்தது.

2005-இல் நான் அதை வாங்கினேன். ஏற்காட்டில் இருந்த நண்பனிடம் இன்டெலின் பென்டியம் 4, பிரெஸ்காட் வகை, 32 பிட். சேலம் கடைக்காரர் எனக்குச் சொன்ன புத்திமதி: "மூணு கிகாஹெர்ட்ஸ் எங்க, ரெண்டு எங்க தம்பி? ஏஎம்டி வேற சூடாகுமுங்க." உண்மையில் அன்றைக்குச் சூட்டுக்குப் பேர்போனது பிரெஸ்காட்தான். டிசம்பர் மாத ஏற்காட்டுக்கு அது பொருத்தம். சேலத்து மே மாதத்தில் நினைத்துப் பார்க்கவே பயம்.

இருவரும் ஆளுக்கொரு சதுரங்க நிரல் எழுதிக்கொண்டிருந்தோம். அவனுடையது ஜீரோ-எக்ஸ்-88 முறை: பலகையை 128 இடமுள்ள வரிசையாக வைத்து, காய் பலகைக்கு வெளியே போகிறதா என்பதை ஒரே ஒரு 'அண்ட்' கட்டளையில் (இரண்டு எண்களை பிட் பிட்டாக ஒப்பிடுவது) பார்ப்பது. என்னுடையது பிட்போர்டு. இரண்டையும் இரண்டு கணினியிலும் ஓட்டினோம். தொடக்க நிலையிலிருந்து, இரு பக்கமும் சேர்த்து ஐந்து நகர்வு ஆழத்துக்கு 48,65,609 வழிகள், ஆறுக்கு 11,90,60,324. இந்த எண் வந்தால் நிரல் சரி. பிறகு கடிகாரம்.

அவன் நிரலை 64 பிட்டுக்குத் தொகுத்தபோது கொஞ்சம்தான் வேகம் கூடியது. அதுவும் 64 பிட் அகலத்தால் அல்ல. சில்லு கைவசம் எண்களை வைத்துக்கொள்ளும் பொதுப் பதிவகங்கள் 8-இலிருந்து 16 ஆனதன் புண்ணியம். கட்டத்துக்கு ஒரு சின்ன எண் வைத்திருப்பவனுக்கு 64 பிட் எதற்கு?

என் கதை வேறு. அவனுடைய பென்டியத்தில் என் நிரல் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு பாதியாக இழுத்தது. 'அண்ட்', 'ஆர்' என்றால் இரண்டிரண்டு கட்டளையோடு போயிற்று. பிட்டுகளை இடம் தள்ளுவதென்றால் பாதிக்குப் பாதி கைமாற்ற வேண்டும். ஆத்லானில் அதே நிரலின் வேகம் ஒன்றரை மடங்கைத் தாண்டியது, இரண்டை எட்டவில்லை. முதல் பிட்டைத் தேடும் கட்டளை ஆத்லானிலேயே மந்தம். டி புரூயின் பெருக்கல் என்ற தந்திரத்தால் சுற்றிப் போனேன். பிட்டுகளை எண்ணித் தரும் தனிக் கட்டளையோ வீட்டுக் கணினிச் சில்லுகளில் 2007, 2008 வாக்கில்தான் வந்தது. அதுவரை ஒவ்வொரு பிட்டாகக் கழற்றி எண்ண வேண்டியதுதான்.

வேகம் இரட்டித்தால் ஆட்ட வலிமையை அளக்கும் ஈலோ புள்ளி ஐம்பது, அறுபது கூடும் என்பது அப்போதைய கைக்கணக்கு. அதற்காக மட்டும் புதுக் கணினி வாங்குவது அதிகம்தான். எனக்குப் பிடித்தது வேறு: பாதி பாதியாக எழுதிய அசிங்கமான வரிகளை எல்லாம் அழித்தேன்.

இயங்குதளம் இன்னொரு தலைவலி. விண்டோஸ் எக்ஸ்பி-யின் 64 பிட் பதிப்பு 2005 ஏப்ரலில்தான் வந்தது, மோடம் போன்றவற்றை இயக்கும் டிரைவர் நிரல் கிடைப்பது அரிது. லினக்ஸ் போட்டேன், டயல்-அப் மோடம் செத்தது. நண்பனுக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. அன்றைக்கு ஜீரோ-எக்ஸ்-88 எழுதியவன் பழைய பெட்டியிலேயே இருந்திருக்கலாம். பிட்போர்டுக்காரன் மோடத்தைத் தியாகம் செய்தாவது மாறியிருக்க வேண்டும் என்பேன்.

ஒரு விஷயத்தை மட்டும் வெட்கத்தில் அவனிடம் மறைத்துவிட்டேன். கணினி 64 ஆனாலும் சி மொழியில் வெறும் 1 என்பது 32 பிட்தான். அதை 40 இடம் தள்ளினால் அந்தச் சில்லு 8 இடம்தான் தள்ளும். ஏ1-ஐ 0 என்று எண்ணினால் 40 ஏ6, 8 ஏ2; அதனால் ஏ6-இல் வைத்த யானை ஏ2-இல் போய் நிற்கும். ஒரு வாரம் தூங்கவிடாத பிழை அது. மூன்று வருடம் கழித்து அவனும் 64 பிட் வாங்கி, பிட்போர்டுக்கு மாறினான். ஒரு ராத்திரி பதினொரு மணிக்குப் போன்: "மாப்ள, என் யானை ஏ2-ல போய் நிக்குதுடா."